ஐந்தாம் நிலை வீரர்களுக்கு எதிராகக் கோபோல்டுகளைப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி: பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்) ஆட்டம் நடத்துகிறேன். கோபோல்டு என்னும் பல்லி போன்ற குட்டி அரக்கனுக்கு இருப்பதோ ஐந்தே உயிர்ப்புள்ளிகள். மந்திரவாதி ஒரு ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) வீசினால் கூட்டமே சாம்பலாகிவிடுகிறது. அவற்றின் புள்ளிகளைக் கூட்டாமல் சண்டையைக் கடினமாக்க வழியுண்டா?

பதில் 1: திறந்த கூடத்தில் கும்பலாக நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். கோபோல்டு சிறிய உருவம் கொண்டது என்பதால், அதன் அளவுக்கே சுரங்கம் தோண்டிவையுங்கள். அதற்குள் நுழையும் மனித வீரர் உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நகர முடியும். அப்போது அவருடைய தாக்குதல் பாதகத்துடனும் (இரு பகடை உருட்டி, சிறிய எண்ணை எடுப்பது), அவர்மீதான தாக்குதல் சாதகத்துடனும் (பெரிய எண்ணை எடுப்பது) நடக்கும். சுவரிலுள்ள துளைகள் வழியாகக் கவண்கல் எறிந்துவிட்டு உடனே விலகும் கோபோல்டுகளை, இருபதடி ஆரமுள்ள ஃபயர்பால் ஒருசேரப் பிடிப்பது அரிது. இந்த விளையாட்டுக்கான டிராகன் இதழின் 127ஆம் எண்ணில், 1987இல், ராஜர் மூர் எழுதிய 'டக்கரின் கோபோல்டுகள்' தலையங்கம், பலமான வீரர்களைத் தந்திரத்தால் திணறடித்த கோபோல்டுகளைப் பற்றியது; இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம்.

பதில் 2: உடன்படுகிறேன். ஆனால் இலக்குக்கு அருகில் செயலிழக்காத கூட்டாளி இருந்தால்தான் கோபோல்டுகளுக்குரிய 'கூட்டுத் தாக்குதல்' திறனின் சாதகம் கிடைக்கும். ஆகவே ஓரிரு கோபோல்டுகளாவது முன்னே வந்தாக வேண்டும். வெயிலுக்கு மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள், கோபோல்டுகளுக்கு வெயிலில் கண் கூசிக் குறி தவறும்.

பதில் 3: சுரங்கத்தில் கண்ணிப்பொறிகளும் வைத்தால், அவற்றுக்கு முன்னறிகுறி வையுங்கள். எதையும் ஊகிக்க வழியின்றிச் சாகும் வீரர்கள், என் அனுபவத்தில், அடுத்த வாரம் ஆட்டத்துக்கு வருவதில்லை.

கேட்டவர்: துளைச்சுவர் யோசனையை முதலில் முயல்கிறேன். மந்திரவாதியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.