அறுவடைக்கு இன்னும் 24 நாள்: கூட்டுறவுச் சங்கத்தில் என்ன கேட்கலாம்?

ஏரிக்கரை மகள் (அம்பத்தூர்), டிசம்பர் 23

வணக்கம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். 3 ஏக்கர், ஏரிப் பாசனம். இந்த சம்பாவுக்கு அப்பா டிகேஎம் 13 நெல் ரகம் போட்டிருக்கிறார். செப்டம்பர் 8 அன்று விதை விட்டார். 130 நாள் பயிர், அதனால் பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 16 வாக்கில் அறுப்பு.

கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது என் வீட்டில் இருக்கிறார். அம்மா ஊரில் தனியாகப் பயிரைப் பார்த்துக்கொள்கிறார். பயிர் நன்றாக இருக்கிறது, பால் பிடித்துவிட்டது.

போன வாரம் ஒரு நெல் வியாபாரி வீட்டுக்கு வந்திருக்கிறார். 30 ஆயிரம் முன்பணம் இப்போதே தருகிறேன், அறுவடை மிஷினும் நானே அனுப்புகிறேன், 75 கிலோ மூட்டைக்கு 1,400 ரூபாய், நெல்லை எனக்கே போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மருந்துச் செலவு, ஆள் கூலி, மிஷின் வாடகை எல்லாவற்றையும் நினைத்து அம்மா சரி என்று சொல்லும் நிலையில் இருக்கிறார். அப்பா படுத்தபடியே "வேண்டாம், சங்கத்தில் போய்க் கேள்" என்கிறார். அதற்கு மேல் பேசினால் வலி வந்துவிடுகிறது அவருக்கு.

எனக்குச் சங்கம் என்றால் பயிர்க்கடன், உரம், ரேஷன் கடை, இவ்வளவுதான் தெரியும். அப்பா பெயரில் அங்கே 1 லட்சம் பயிர்க்கடன் இருக்கிறது. அறுவடைக்கு முன்னால் சங்கம் வேறு ஏதாவது செய்யுமா? அவருக்குப் பதிலாக நான் போய்க் கேட்கலாமா? சனிக்கிழமை மட்டும்தான் எனக்கு லீவு.

வடக்கு வெளி (தாம்பரம்), டிசம்பர் 23

உங்கள் அப்பா சீக்கிரம் நடக்க வேண்டும் சகோதரி. என் மாமனார் வயல் செய்யூர் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜனவரி முதல் வாரத்தில் சங்கத்துக்குப் போனேன். ஆபீசில் ஒரே ஒருவர்தான் இருந்தார். "பொங்கலுக்கு அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் போனபோது மிஷின் எல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டது. எங்கள் நெல் எட்டு நாள் கூடுதலாக நின்று, உதிர்ந்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது. அதனால் சங்கத்தை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருக்காதீர்கள்.

பழைய பேரேடு (குரோம்பேட்டை), டிசம்பர் 24

அம்மா, நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

முதலில் அந்த வியாபாரியின் கணக்கு. இந்த 2025-26 சீசனில் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். மத்திய அரசின் ஆதார விலை 2,389, அதன் மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 156. டிகேஎம் 13 சன்ன ரகம்தான். 75 கிலோவுக்குப் போட்டால் 1,908 ரூபாய் வருகிறது. அவர் சொல்வது 1,400. மூட்டைக்கு 508 ரூபாய் போகிறது. ஏக்கருக்கு 25 மூட்டை என்று வைத்தாலும் 75 மூட்டைக்கு 38 ஆயிரம். 30 ஆயிரத்தை மூன்று வாரம் முன்னதாகக் கையில் வாங்குவதற்கு 38 ஆயிரம் விலை. அந்த 30 ஆயிரத்தையும் நெல்லில் கழித்துக்கொள்வார். கொள்முதல் நிலையத்துக்கு வண்டி வாடகை உண்டு, காயவைக்கும் கூலி உண்டு, இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியும் வரலாம். அதையெல்லாம் கழித்தாலும் உங்கள் அம்மா பக்கம்தான் மிச்சம் நிற்கும்.

நான் பார்த்தவரை விவசாயி ஏமாறுவது அறுத்த பிறகு அல்ல. கதிர் பால் பிடிக்கும்போது வீட்டில் அரிசியும் தீர்ந்திருக்கும், கையில் பணமும் தீர்ந்திருக்கும். அந்த மாதத்தில்தான் வியாபாரி திண்ணையில் வந்து உட்காருவார். சங்கம் உதவ வேண்டியதும் அந்த மாதத்தில்தான்.

இன்னொரு பயிர்க்கடன் கிடைக்காது. நகைக்கடன் கிடைக்கும். அம்மா உறுப்பினர் இல்லையென்றால் இணை உறுப்பினராகச் சேர்த்துவிட்டு அவர் பெயரிலேயே வாங்கலாம். ஆதார், புகைப்படம், நகை, இவற்றோடு அம்மா நேரில் வர வேண்டும். நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் மீட்டுவிடுங்கள்.

அப்பாவின் பயிர்க்கடன் தவணைத் தேதியையும் அன்றைக்கே பேரேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் அதில் 3 சதவீதத்தை மத்திய அரசும் மீதியை மாநில அரசும் ஏற்கின்றன, உறுப்பினர் அசல் மட்டும் கட்டினால் போதும். தவணை தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது தாண்டிப்போவது எப்போதும் இதுதான். எத்தனை வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பயிர்க் காப்பீடு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், கடன் வாங்கும்போதே சங்கத்தில் சேர்த்திருக்கலாம். 2020 முதல் இது அவரவர் விருப்பம் என்பதால் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். செய்திருந்தால் ரசீதைக் கையில் வைத்திருங்கள். ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வருவார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். இழப்பீடு அந்த மகசூலை வைத்துத்தான், உங்கள் ஒரு வயலை மட்டும் வைத்து அல்ல.

தாம்பரம் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காரணத்தையும் சொல்கிறேன். ஊர்ப்புறத்தில் பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவது இந்தச் சங்கங்கள்தான். ஜனவரி முதல் இரண்டு வாரம் டோக்கன், பொங்கல் தொகுப்பு, கரும்புக் கட்டு என்று மொத்த ஊழியர்களும் கடையில்தான் இருப்பார்கள். அதனால் இந்தச் சனிக்கிழமை, 27ஆம் தேதியே போய்விடுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் பொங்கலுக்கு அப்புறம்தான். போகிற வழியில் விஏஓவிடம் சிட்டா, அடங்கல் (நிலம், பயிர் விவரச் சான்றுகள்) வாங்கிக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்யவும் அது வேண்டும்.

மிஷின் விஷயம். 2020க்கு அப்புறம் பல்நோக்குச் சேவை மையத் திட்டத்தில் நிறைய சங்கங்கள் டிராக்டர் மாதிரி கருவிகள் வாங்கியிருக்கின்றன. உங்கள் சங்கத்தில் அறுவடை மிஷின் இல்லையென்றால் பக்கத்துச் சங்கத்தில் இருக்கிறதா என்று செயலாளரையே போன் போடச் சொல்லுங்கள். உறுப்பினராகக் கேளுங்கள், தயங்காதீர்கள். அங்கேயும் இல்லையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் வழக்கத்தில் இல்லாத மழை. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. எங்கள் சங்க எல்லைக்குள் சேற்றில் இறங்குகிற பெல்ட் மிஷின் ஒன்றுகூட இல்லை. சேலம் பக்கத்திலிருந்து இரண்டு மிஷின் வரவழைத்தோம். வந்து நின்றதும் எல்லாரும் எனக்கு முதலில் என்றார்கள். பெரிய நிலக்காரர்கள் ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்போது சங்கத்து வாசலில் வைத்து ஒரு பட்டியல் போட்டோம். ஆண்துணை இல்லாத வீடு, நோயாளி இருக்கிற வீடு, குத்தகைக்கு எடுத்தவர்கள், இவர்களெல்லாம் முதலில். அப்புறம் மற்றவர்கள். இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள், இன்றுவரை பேசவில்லை. அந்தப் பட்டியல் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்கள் வீடு அப்படிப்பட்ட பட்டியலில் முதலில் நிற்க வேண்டிய வீடு. அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். அவர் போட்டிருக்கும் டிகேஎம் 13 திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், 2015இல் வெளியிட்டது. நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பதிவானதும் திருவள்ளூர் பக்கத்தில் இருக்கிற அதே திரூரில்தான். அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் ரயிலில் போகிற வழிதான்.

ஏரிக்கரை மகள், டிசம்பர் 24

ஐயா, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். வியாபாரிக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். ஏரி நிரம்பியிருப்பதால் வயலில் இன்னும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறதாம். டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான், வாடகை அதிகம் என்கிறார் அம்மா. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய பேரேடு, டிசம்பர் 25

உண்டு, ஆனால் நீங்கள் ஒருவராகச் செய்ய முடியாது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிட்டால் தரை இறுகும். உங்களுக்கு ஜனவரி 6. ஆனால் ஏரிப் பாசனத்தில் உங்கள் மடையை மட்டும் திறந்து என்ன பயன்? மேல் வயல்காரர் தண்ணீர் கட்டி வைத்திருந்தால் கசிவு முழுக்க உங்களுக்கு வரும். நீங்கள் வடிக்கிற தண்ணீர் கீழ் வயல்காரர் தலையில் விழும், அவர் கதிர் முற்றிச் சாய்கிற நேரமாக இருந்தால் சண்டைதான். ஒரே மதகில் பாய்கிற எல்லாரும் உட்கார்ந்து ஒரு தேதி வைக்க வேண்டும். யார் எந்த ரகம், எப்போது நட்டார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்தான் வித்தியாசம் இருக்கும். பின்னால் நட்டவருக்காக இரண்டு நாள் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. கூட்டத்தைச் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டால் வருவார்கள். அந்த மதகில் பாய்கிற பாதிப் பேருக்காவது அவரிடம் கடன் இருக்கும் அல்லவா.

சேர்ந்து உட்காரும்போதே மிஷினையும் பேசிவிடுங்கள். 3 ஏக்கருக்கு வர மறுக்கிற ஓட்டுநர் அடுத்தடுத்து 25 ஏக்கர் என்றால் வருவார், வாடகையும் குறையும். கொள்முதல் நிலையம் உங்கள் ஊருக்கு எப்போது திறப்பார்கள் என்பதையும் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் நலன் காக்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தை மாதப் பனியில் மிஷின் அறுத்த நெல் ஒரே வெயிலில் காயாது. உலர்களமும் தார்ப்பாயும் இப்போதே பேசி வையுங்கள்.

வடக்கு வெளி, டிசம்பர் 25

ஐயா சொன்ன காரணம் எனக்கு இன்றுதான் தெரிந்தது. அந்த ஊழியர் மேல் இரண்டு வருஷமாகக் கோபமாக இருந்தேன்.

சகோதரி, எலியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதிர் முற்றும்போது கடித்துப்போட்டுவிடும். எங்கள் ஊரில் இருளர் குடும்பங்கள் வந்து வரப்பில் வளை தோண்டிப் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல் அவர்களுக்கு. என் மாமியார் அதோடு ஒரு மரக்கால் நெல் அறுப்பு முடிந்ததும் தனியாகக் கொடுப்பார். விஷம் வைப்பதில்லை.

ஏரிக்கரை மகள், டிசம்பர் 28

நேற்று போய்விட்டு வந்தேன். காலை பத்து மணிக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு சங்கத்தில் நின்றேன். செயலாளர் நல்லவர். அப்பாவை விசாரித்தார். அம்மாவை இணை உறுப்பினராகச் சேர்த்து, ஒரு சவரன் சங்கிலிக்கு 40 ஆயிரம் நகைக்கடன் கொடுத்தார்கள். அப்பா காப்பீடு செய்திருக்கிறார், ரசீது கடன் கோப்பிலேயே இருந்தது. தவணைத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

சங்கத்தில் மிஷின் இல்லை. பக்கத்துச் சங்கத்துக்கு அவரே போன் செய்தார். அங்கே உள்ள மிஷின் 17, 18 இரண்டு நாளும் எங்கள் பக்கம் வரும். எங்கள் மதகில் 11 பேர். எல்லாருக்கும் சொல்லிவிட்டார், ஜனவரி 2 அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காருகிறார்கள். அம்மா போகிறார். கூட்டத்தில் தான் பேசமாட்டேன் என்றார், என்ன பேச வேண்டும் என்று அப்பா போனில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வியாபாரிக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம்.

ராத்திரி அப்பாவுக்கு வயலின் வீடியோவைக் காட்டினேன். கதிர்நாவாய்ப் பூச்சி நாற்றம் அடித்ததா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். கதிரை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னார். 17ஆம் தேதிக்கு லீவு போட்டிருக்கிறேன். அறுப்பு முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.