பேட்ச்சில் 'நல்' வந்தால் நீக்குவதா, விட்டுவிடுவதா?

படிவக்காரன்: பேட்ச் என்பது பதிவில் மாறிய புலங்களை மட்டும் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை; 'நல்' என்பது மதிப்பே இல்லை என்ற குறி. நேற்று இங்கே ஒருவர், "பேட்ச் கோரிக்கையில் 'நல்' வந்தால் அந்தப் புலத்தைத் தொடாதே" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தவறு. ஜேசான் மெர்ஜ் பேட்ச்சுக்கான (ஜேசான் என்ற தரவு வடிவில் பேட்ச் அனுப்பும் முறை) இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 7396 வந்தது 2014இல். அதன்படி 'நல்' என்றால் நீக்கு. அனுப்பாத புலத்தைத்தான் தொடக்கூடாது. பயனர் இரண்டாவது கைபேசி எண்ணை அழித்துவிட்டு 'சேமி' அழுத்துகிறார். நீங்கள் தொடாமல் விட்டால் பழைய எண் அப்படியே நிற்கும்.

தெற்குவாசல்: எழுதியது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். எங்கள் சர்வர் ஜாவா. ஜேசானை ஆப்ஜெக்ட்டாக மாற்றியதும் வராத புலமும் 'நல்', 'நல்' என்று வந்ததும் 'நல்'. அழிக்க வேண்டுமென்றால் எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் அனுப்பச் சொல்கிறோம். நன்றாகவே ஓடுகிறது.

படிவக்காரன்: பிறந்த தேதிக்கும் வெற்றுச் சரமா? ஜேசானை ஆப்ஜெக்ட்டாக மாற்றாமல், புலங்களின் மரமாக வாசித்தால் அந்தப் புலம் வந்ததா இல்லையா என்று ஜாவாவிலும் தெரியும். சோம்பலுக்கு மொழியைக் குறை சொல்லாதீர்கள்.

அலைவரிசை: ஆர்எஃப்சி 6902க்கு, அதாவது ஜேசான் பேட்ச் என்ற வேறு முறைக்கு மாறுங்கள். 'ரிமூவ்' (நீக்கு) என்று செயலையே அனுப்பலாம். மெர்ஜ் பேட்ச்சில் பட்டியலின் ஒரு உறுப்பை மாற்றக்கூட முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும்.

படிவக்காரன்: பட்டியலைப் பற்றி யார் கேட்டது? பேச்சு 'நல்' பற்றி.

தெற்குவாசல்: போன மாதம் ஈடேக் (பதிவின் பதிப்பைக் காட்டும் குறி) விவாதத்திலும் இப்படித்தான், இவர் சொன்னதுதான் வேதம். எதற்கு வம்பு, முழுப் படிவத்தையும் புட்டில் (முழுப் பதிவையும் மாற்றிவைக்கும் கோரிக்கை) அனுப்பினால் முடிந்தது.

படிவக்காரன்: காலையில் திறந்த படிவத்தை மாலையில் புட்டில் அனுப்பினால் இடையில் இன்னொருவர் திருத்தியதெல்லாம் போச்சு. படிவம் திறந்தபோது இருந்த ஈடேக்கை இஃப்-மேட்ச் தலைப்பில் வையுங்கள், பொருந்தாவிட்டால் 412 என்ற பிழைக் குறியைத் திருப்புங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். கேலி செய்தது நீங்கள்தான்.

நிலாமுற்றம்: சேமிக்காமல் டேபை மூடினால் எங்கள் வாசகத்தோடு எச்சரிக்கை வரும்படி எழுதினோம். குரோமில் வேறு ஏதோ வாசகம் வருகிறதே?

அலைவரிசை: 2016இல் வந்த குரோம் 51 முதல் நம் வாசகத்தைக் காட்டாது. உலாவியின் பொது வாசகம் மட்டும்தான்.

படிவக்காரன்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 'நல்' கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தெற்குவாசல்: வந்தாயிற்று. எங்கள் ஏபிஐ (மற்ற நிரல்கள் சர்வரோடு பேசும் வழி) ஆவணத்தில் 'நல்' என்றால் விட்டுவிடு என்றுதான் இருக்கிறது. ஏபிஐ எங்களுடையது.

படிவக்காரன்: அப்படியானால் அனுப்பும் தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப்பில் மெர்ஜ் பேட்ச் என்று போடாதீர்கள். போட்டால், 'நல்' என்றால் நீக்கு.

தெற்குவாசல்: போடுவோம்.