தொலைவு வரிசை: ‘அண்மை’யைத் திரும்பப் பெறுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

தேடுபொறி தரும் முடிவுகளை, தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து வரிசைப்படுத்தும் வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? இந்தக் கேள்விக்கு முதல் ஆளாக ‘அண்மை வரிசை’ என்று எழுதியது நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏன் என்று சொல்லிவிட்டு மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்மை நல்ல சொல். இலக்கணத்திலேயே அதற்கு இடம் உண்டு. ‘இ’ அண்மைச் சுட்டு, ‘அ’ சேய்மைச் சுட்டு, இரண்டுக்கும் நடுவில் ‘உ’. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட அண்மை விளி, எட்ட நிற்பவரைக் கூப்பிடச் சேய்மை விளி. இக்கரை, அக்கரை என்று சொல்லும்போதே நாம் ஒரு தொலைவுக் கணக்கைப் போட்டுவிடுகிறோம். இவ்வளவு கையில் இருக்க வேறு சொல்லைத் தேடுவானேன் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அப்புறம் அதை ஒரு தேடல் பக்கத்தின் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். பொருத்தம், தேதி, அண்மை என்று மூன்று தெரிவுகள். சோதித்துப் பார்த்த முதல் ஆள் ‘அண்மை’யை அழுத்தினார், கொஞ்ச நேரம் பார்த்தார், “வரிசை தப்பாக இருக்கிறதே, பழையதெல்லாம் மேலே நிற்கிறது” என்றார். அவர் மேல் தப்பில்லை. அண்மைச் செய்தி, அண்மையில் வெளியானது, அண்மைக்காலம் என்று நாள் முழுக்கப் படிக்கிறோம். தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக நடந்த திருத்தங்களின் பட்டியலுக்குப் பெயரே ‘அண்மைய மாற்றங்கள்’. இடத்தைக் குறித்த சொல் காலத்துக்குக் குடிபோய் வெகுநாளாகிவிட்டது. தனியாக நின்றால்கூடச் சமாளிக்கலாம். ‘தேதி’க்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டிய சொல் இது, அதனால் குழப்பம் நிச்சயம்.

சரி, மற்றவை.

> தொலைவு வாரியாக வரிசைப்படுத்தல் என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மாவட்டவாரியாக, பாடவாரியாக என்னும்போது நாம் பிரித்துக் கூறுபோடுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதில்லை. ‘தொலைவுவாரியாக’ என்று படித்தால் 1 கி.மீ.க்குள் இருப்பவை, 5 கி.மீ.க்குள் இருப்பவை என்று கட்டம் கட்டியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கட்டம் கட்டிக் காட்டும் வசதியும் தேடுபொறிகளில் உண்டு. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

> தேதிப்படி, பொருத்தப்படி, தொலைவுப்படி என்று ஒரே அச்சில் போகலாம்.

பேச்சுக்கு அழகாக இருக்கிறது. மென்பொருளில் மாட்டிக்கொள்ளும். நிரலாளர் பெரும்பாலும் ‘___ப்படி வரிசைப்படுத்து’ என்று ஒரே ஒரு சரத்தை (திரையில் வரும் எழுத்துத் தொடரை) நம்மிடம் கொடுத்துவிட்டு, கோடிட்ட இடத்தில் சொல்லை அவர் நிரப்பிக்கொள்வார். தேதிப்படி, தொலைவுப்படி இரண்டும் சரியாக வரும். மூன்றாவது ‘பொருத்தம்ப்படி’ என்று வந்து நிற்கும். மகர மெய் கெட்டு வல்லினம் மிகும் என்று கணினிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் ‘வரிசை: ___’ என்று முக்காற்புள்ளி போட்டுத் தப்பித்துக்கொள்கிறேன். புணர்ச்சி அங்கே எட்டிப் பார்க்காது.

‘சேய்மை வரிசை’யை அனுப்பியவர் மன்னிக்கவும். தொலைவில் இருப்பதை முதலில் காட்டுவதுபோல ஒலிக்கிறது.

> இடஞ்சார் தரவரிசை?

இங்கேதான் நாம் எல்லோருமே இரண்டு பொருள்களை ஒரே பெயரில் அடைக்கப் பார்க்கிறோம். தொலைவை மட்டும் பார்த்துச் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அடுக்குவது ஒன்று. அதில் தரம் என்ற பேச்சே கிடையாது. 300 மீட்டரில் இருப்பது எவ்வளவு மட்டமாக இருந்தாலும் 400 மீட்டரில் இருப்பதற்கு மேலேதான் வரும். தொலைவைப் பல காரணிகளில் ஒன்றாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. கூகுள் தன் உள்ளூர்த் தேடலுக்குப் பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற தன்மை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதாக அதுவே சொல்கிறது. அதனால்தான் ‘பக்கத்தில்’ என்று தேடியும் கொஞ்சம் தள்ளி இருப்பது சில சமயம் முதலில் வருகிறது. ‘தரவரிசை’ இந்த இரண்டாவதற்குத்தான் பொருந்தும். ‘இடஞ்சார் தரவரிசை’யை அதற்கே வைத்துக்கொள்வோம், அருமையான சொல்.

எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களில் இந்த இரண்டும் தனித்தனி வசதிகள். இரண்டாவதில் தொலைவு கூடக் கூட மதிப்பெண் மெல்லமெல்லக் குறையும்படி ஒரு வளைவு கொடுப்பார்கள். அந்தக் குறைவுக்கு ‘தொலைவுத் தேய்வு’ என்று போட்டுப் பார்த்தேன். பிறை தேய்வதைப் போலப் படிப்படியாகக் குறைவது என்று சொல்லே காட்டிவிடுகிறது. இந்த மடலில் எனக்குப் பிடித்த சொல் இதுதான், கேட்ட கேள்விக்கு விடை இல்லையென்றாலும்.

அடுத்தது, எந்தத் தொலைவு? இதைத் தொடாமல் பெயர் வைக்க முடியாது. அகலாங்கு, நெட்டாங்கு எண்களை நேரே கழித்து வரிசைப்படுத்தும் நிரல்களை இன்னமும் பார்க்கிறேன். அகலாங்கில் ஒரு பாகை எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய 111 கி.மீ. நெட்டாங்கு அப்படியில்லை. நிலநடுக்கோட்டில் அதே 111 இருக்கும், துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கும், 60 பாகையில் பாதியாகிவிடும். அங்கே நின்று தேடுகிறவருக்குக் கிழக்கே 1 பாகை தள்ளி ஓர் இடம், வடக்கே 0.8 பாகை தள்ளி இன்னோர் இடம். பாகையை நம்பினால் வடக்கே இருப்பது பக்கம். தரையில் அளந்தால் கிழக்கே இருப்பது சுமார் 56 கி.மீ., வடக்கே இருப்பது சுமார் 89 கி.மீ. வரிசை தலைகீழ்.

ஒழுங்காகச் செய்பவர்கள் பூமியை 6371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, ஹேவர்சைன் என்ற கோணவியல் வாய்பாட்டால் பெருவட்டத் தொலைவை, அதாவது உருண்டையின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தொலைவை, கணக்கிடுகிறார்கள். பூமி சற்றுத் தட்டையானது, நடுக்கோட்டில் ஆரம் 6378, துருவத்தில் 6357. அதனால் வரும் பிழை அரை விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். வரிசைக்கு அது பெரும்பாலும் பொருட்டில்லை. வரிசை மட்டும் போதும் என்றால், வாய்பாட்டின் கடைசியில் வரும் நேர்மாறு சைன் கணக்கைக்கூட விட்டுவிடலாம். எது முன், எது பின் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் நேர்த்தொலைவு. ஆற்றின் அக்கரையில் 400 மீட்டரில் ஓர் இடம் இருக்கிறது, பாலமோ ஆற்றோரமாக 3 கி.மீ. தள்ளி இருக்கிறது என்றால் போய்ச்சேர 6 கி.மீ.க்குக் குறையாது. பட்டியலில் அதுதான் முதலில் நிற்கும், நடப்பவர் நம்மைத் திட்டுவார். ஆகவே நேர்த்தொலைவு, வழித்தொலைவு என்று இரண்டு சொற்களும் தேவை. வெறும் ‘தொலைவு வரிசை’ என்றால் நேர்த்தொலைவையே குறிக்கட்டும். பாதையைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் இடத்தில் ‘வழித்தொலைவு வரிசை’ என்று முழுதாகச் சொல்லிவிடலாம்.

வடிகட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘10 கி.மீ. சுற்றளவுக்குள்’ என்று இரண்டு பரிந்துரைகளில் பார்த்தேன். செய்தித்தாள்களிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் பல் கூசும். சுற்றளவு என்றால் வட்டத்தின் விளிம்பின் நீளம். 10 கி.மீ. சுற்றளவு உள்ள வட்டத்தின் ஆரம் வெறும் 1.6 கி.மீ.தான். சொல்ல வந்த பரப்பில் 40இல் ஒரு பங்குதான் உள்ளே வரும். ‘10 கி.மீ. தொலைவுக்குள்’ என்றாலே போதுமே. அந்த எல்லைக்குப் பெயர் வேண்டுமென்றால் ‘தொலைவு வரம்பு’.

ஆக, என் இப்போதைய முன்மொழிவு இது. ஆவணத்திலும் கலைச்சொல் பட்டியலிலும் ‘தொலைவு வரிசை’. எதை அளக்கிறோமோ அதன் பெயர்தான் கலைச்சொல்லில் இருக்க வேண்டும். பொத்தானில் அது வேண்டாம். அழுத்துகிறவருக்கு அளவையைப் பற்றிக் கவலையில்லை, மேலே எது வரும் என்றுதான் தெரிய வேண்டும். அங்கே ‘அருகில் உள்ளவை முதலில்’ என்று போடுவோம். நீளம்தான். கைப்பேசித் திரையில் இடம் போதாவிட்டால் ‘அருகில் முதல்’ என்று குறுக்கலாம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இதைவிட நல்லது யாராவது சொன்னால் உடனே மாற்றிக்கொள்கிறேன்.

*

மேலே உள்ளதற்கு வந்த பதில்களுக்காக இன்னும் சில வரிகள்.

> பேச்சில் எல்லோரும் தூரம் என்றுதானே சொல்கிறோம்? தொலைவு என்றாலே ‘தொலைந்து போ’ நினைவுக்கு வருகிறது.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் ‘தொலை’யை வைத்துத்தான் தொலைபேசியும் தொலைக்காட்சியும் வந்தன, யாரும் தொலைந்து போகவில்லை. இயற்பியல் பாடத்திலும் தொலைவு, இடப்பெயர்ச்சி என்றுதான் படிக்கிறார்கள். கலைச்சொல்லுக்குத் தொலைவு இருக்கட்டும். முடிவின் கீழே வரும் சின்ன வரியில் ‘2.3 கி.மீ. தூரம்’ என்று போடுவதில் எனக்கு மறுப்பில்லை. மொழிபெயர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பவர்கள் சண்டைக்கு வரலாம், பார்த்துக்கொள்வோம்.

> இருப்பிடமே பதிவாகாத முடிவுகள் எங்கே நிற்கும்?

நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். சில தரவுத்தளங்களில் இடம் தெரியாவிட்டால் அகலாங்கு 0, நெட்டாங்கு 0 என்று விழுந்துவிடும். அது கினி வளைகுடாவில், நடுக்கடலில் இருக்கிறது. அப்படிப்பட்ட முடிவுகள் எல்லாம் கடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பல ஆயிரம் கி.மீ. தொலைவில் இருப்பதாகப் பொய் சொல்லும். அவற்றுக்கு எண்ணே காட்டாமல் பட்டியலின் அடியில் தனியாகப் பிரித்து வைப்பதுதான் சரி. அந்தப் பகுதிக்கு ‘இடம் தெரியாதவை’ என்று தலைப்புக் கொடுத்து, என் மொழிபெயர்ப்புக் கோப்பில் இன்று சேர்த்துவிட்டேன். பிடிக்காதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குப் பிறகு கோப்பை அனுப்பிவிடுவேன்.