புதுப்பிப்பு: ட்ரிக் ரூமிடம் தோற்றுக்கொண்டிருந்த என் போக்கிமான் அணி

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் இரட்டையர் (இரண்டுக்கு இரண்டு மோதும் ஆட்டம்) அணியில் எல்லாமே வேகமானவை, எதிராளி வேக வரிசையைத் தலைகீழாக்கும் ட்ரிக் ரூம் நகர்வைப் போட்டதும் 5 சுற்றுக்கு மெதுவானவை முந்திக்கொண்டு அடிக்கின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். முதலில் என் விம்சிகாட்டின் டான்ட்டை (எதிரியைத் தாக்கும் நகர்வுகளை மட்டுமே போட வைப்பது) நம்பினேன், எதிரணியில் ஃபாரிகிராஃப் வந்தால் அது எடுபடவில்லை: விம்சிகாட்டின் பிராங்ஸ்டர் திறன் டான்ட்டுக்கு முன்னுரிமை தருகிறது, ஃபாரிகிராஃபின் ஆர்மர் டெய்ல் திறன் அப்படி முன்னுரிமை பெற்ற நகர்வையே மறித்துவிடுகிறது. இன்சினரோருக்கு டான்ட் கொடுக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது, ட்ரிக் ரூமின் முன்னுரிமை -7, அதாவது சுற்றின் கடைசியில்தான் வரும் என்பதால் சாதாரண டான்ட்டே முந்திவிடுகிறது. எதிர்பாராதது ஒன்று, எதிராளியின் போக்கிமான் வைத்திருந்த மென்டல் ஹெர்ப் என்ற பொருள் டான்ட்டை அப்போதே நீக்கிவிட்டது. சரி, அதற்காக வேகமான ஒன்றை எடுத்துவிட்டு மெதுவான அமூங்கஸைச் சேர்த்தேன். ட்ரிக் ரூம் விழுந்தாலும் பெரும்பாலும் அதுதான் முதலில் ஸ்போர் போட்டு எதிரியைத் தூங்கவைக்கிறது. போட்டியில் 4 வெற்றி, 2 தோல்வி.