படிவம் 'நன்றி' சொல்கிறது, மின்னஞ்சல் வருவதில்லை

எங்கள் இணையதளத்தின் தொடர்புப் படிவத்தில் நிரப்பும் விவரங்கள் அலுவலக முகவரிக்கு வந்து சேருவதில்லை. திரையில் மட்டும் 'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது' என்று பச்சை எழுத்தில் வருகிறது. யாருக்குக் கிடைத்தது என்றுதான் தெரியவில்லை.

படிவம் பிஎச்பி 8.2 நிரல்மொழியில் எழுதியது, அதன் மெயில் ஃபங்ஷன் வழியாக அனுப்புகிறது. தளம் இருப்பது சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள பகிர்வு சர்வரில். சென்ற மாதம் மின்னஞ்சலை மட்டும் வேறு சேவைக்கு மாற்றினோம், அன்றிலிருந்து இந்தத் தொல்லை.

விசித்திரம் என்னவென்றால், பெறுநராக ஒரு ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் சில நொடிகளில் வந்துவிடுகிறது. எங்கள் டொமைன் முகவரியைக் கொடுத்தால் இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை, திரும்பி வந்த கடிதமும் இல்லை. வெளியார் நேரடியாக அதே முகவரிக்கு எழுதினால் ஒழுங்காக வருகிறது.

அனுப்புநர் முகவரி எங்கள் டொமைனுடையதுதான். நிரப்பியவரின் முகவரி, பதில் போக வேண்டிய இடமான ரிப்ளை-டூவில் இருக்கிறது. எங்கள் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் சர்வர், புதிய சேவை இரண்டையும் சேர்த்தாயிற்று. எங்களுக்கு வரும் கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு புதிய சேவையையே காட்டுகிறது. மெயில் ஃபங்ஷன் 'ட்ரூ' (சரி) என்கிறது. ஆனால் அது சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டதற்குத்தான் சாட்சி. மெயில் சர்வரில் நேரடியாக உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி முறைக்கு மாறலாம் என்றால், அதற்கான 587 போர்ட்டை ஹோஸ்டிங்காரர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஹோஸ்டிங் உதவிப் பிரிவோ பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்கிறது!

சர்வர் இன்னும் எங்கள் டொமைனைத் தன்னுடையதாகவே எண்ணி, கடிதங்களைத் தன்னிடமே போட்டுக்கொள்கிறது என்று சந்தேகப்படுகிறேன். சிபேனலில் இதை எந்த இடத்தில் பார்த்து மாற்றுவது?