வேப்பிங் நுரையீரல் பாதிப்பு: தனிச் சோதனை இல்லாமல் எப்படி உறுதிசெய்கிறார்கள்?

நெய்தல்வாணன்:
2019-இல் அமெரிக்காவில் வேப்பிங் செய்த, அதாவது இ-சிகரெட்டின் ஆவியை உள்ளிழுத்த இளைஞர்கள் பலர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதையும், அந்நோய்க்கு ‘ஈவாலி’ என்று பெயரிடப்பட்டதையும் படித்தேன். இதைக் காட்டித்தரும் இரத்தச் சோதனை எதுவும் இல்லையாம். அப்படியானால் நிமோனியாவிலிருந்து இதை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இளவேனில்:
வணக்கம் ஐயா. தனிச் சோதனை இல்லை என்பது உண்மைதான். பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர்கள் இந்த முடிவுக்கு வருகிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்போது வகுத்த வரையறைப்படி, அறிகுறிகள் தொடங்குவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் நோயாளி வேப்பிங் செய்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெண்படலமோ, சிடி ஸ்கேனில் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலோ தெரிய வேண்டும். இன்ஃபுளுவென்சா உள்ளிட்ட தொற்றுகளுக்கான சோதனைகளில் எதுவும் அகப்படக் கூடாது. இதயக் கோளாறு, புற்றுநோய் போன்ற வேறு காரணமும் பொருந்தக் கூடாது. தொற்று இருந்தும் அது மட்டுமே காரணமாகாது என்று மருத்துவர்கள் கருதியவர்களை ‘உறுதியானவர்’ என்னாமல் ‘சாத்தியமுள்ளவர்’ என்று தனியே குறித்தார்கள்.

கதிர்மணி:
இளவேனில் கூறியவற்றுள் முதல் நிபந்தனைதான் நடைமுறையில் மிகக் கடினமானது என்பது என் எண்ணம். ஸ்கேன் பொய் சொல்லாது. பெற்றோர் அருகில் நிற்கையில் பதினேழு வயதுப் பையன் பொய் சொல்வான். கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த எண்ணெயை இழுத்திருந்தால் வாய் திறப்பது இன்னும் அரிது. ஆகவே தனியறையில், கண்டிக்கும் தொனியின்றி, என்ன எண்ணெய், எங்கே வாங்கியது என்று கேட்க வேண்டும். இருமலோடு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கும் பலருக்கு இருந்ததால், சிலரை முதலில் வயிற்றுக் கோளாறு என்றே எண்ணிவிட வாய்ப்புண்டு.

நெய்தல்வாணன்:
நன்றி. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், டிஎச்சி எண்ணெயில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருள் இருந்ததாகப் படித்தேனே, அதையே சோதனையாகக் கொள்ள முடியாதா?

இளவேனில்:
அது ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பு. 51 நோயாளிகளுள் 48 பேரின் கழுவுநீரில் அப்பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்களிடம் இல்லை. காரணத்தைச் சுட்டிய வலுவான சான்று அது. ஆயினும், மூச்சுக்குத் திணறும் ஒருவருக்கு, அந்நீரை எடுக்க மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தும் ப்ராங்கோஸ்கோப்பி செய்வதே ஆபத்தாகலாம் என்பதால், அதை எல்லோருக்கும் செய்வதில்லை. கழுவுநீரில் கொழுப்பு நிறைந்த செல்கள் தெரிந்தாலும் அவை வேறு நோய்களிலும் காணப்படுபவையே. தொற்றை முழுமையாக விலக்க நாளாகும் என்பதால், நோய் முற்றியவர்களுக்கு ஆன்டிபயாட்டிக்கையும் ஸ்டீராய்டையும் சேர்த்தே தொடங்கினார்கள். தேறியபோது எந்த மருந்தால் தேறினார் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

கதிர்மணி:
2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 68 பேர் இறந்ததாகவும் கணக்கிட்டார்கள். அடுத்து வந்த கொரோனாவும் சிடி ஸ்கேனில் இதே மங்கலைக் காட்டியதால், அதற்கான சோதனையும் விலக்க வேண்டியவற்றின் வரிசையில் சேர்ந்துகொண்டது.