தென்னை போன இடத்தில் மீண்டும் தென்னையே வைப்பதா?

கேள்வி: ஆனைமலை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. என் தந்தையின் இளமைக் காலத்தில் இதே நிலத்தில் நிலக்கடலையும் சோளமும் மாறி மாறி விளைந்தன. பின்னர் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன நீரும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தென்னை மட்டுமே என்றாகிவிட்டது. இன்று சுருள் வெள்ளை ஈயும் கேரள வாடல் நோயும் சேர்ந்து தோப்பை அழித்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஒற்றைப் பயிர்தான் காரணமா? வெட்டிய இடத்தில் மறுபடியும் தென்னை வைக்கலாமா?

பதில் 1: பயிர்ப் பாதுகாப்பு மாணவி

ஐயா, சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் அது முதன்முதலில் 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. அது இங்கு வந்ததற்கு ஒற்றைப் பயிர் காரணமன்று. ஆனால் வந்த பூச்சி இடைவெளியே இல்லாமல் தோப்பு தோப்பாகப் பரவியதற்கு அதுவே பெரிய காரணம். இளநீருக்காக அதிகம் நடப்பட்ட குட்டை ரகங்களையும் வீரிய ஒட்டு ரகங்களையும் அந்த ஈ கூடுதலாகத் தாக்குகிறது. அது வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவு படிந்த கீழ்மட்ட ஓலைகளில் கரும்பூசணம் படர்ந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கிறது. பதறிப்போய் ரசாயன மருந்து அடித்தவர்கள் அந்த ஈயை இயற்கையாகக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொன்றதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தயவுசெய்து அந்தக் குளவிக்கு இடம் கொடுங்கள்.

பதில் 2: கோட்டயத்துத் தமிழர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் வாடல் நோயின் கதை வேறு. அது 1882ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டது. மிளகு, பலா, வாழை, பாக்கு என எல்லாம் கலந்து நின்ற வீட்டுத் தோட்டங்களிலும் அது பரவியது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் இந்நோயைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் கடத்துகின்றன. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே பல பயிர் வைத்தால் நோய் வராது என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. ஆனால் மரம் சோர்ந்தபோது இங்குள்ள குடும்பங்களை மிளகும் ஜாதிக்காயும் தாங்கின. தென்னையை மட்டும் நம்பியவருக்கு அந்தத் துணை கிடையாது. 2023இல் எண்ணெய்க்கான அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருந்தும், வெளிச்சந்தையில் விலை அதற்குக் கீழே கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊரே ஒரே சரக்கை விற்கும்போது விலை வீழ்ச்சியும் ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது.

பதில் 3: உடுமலை தோப்புக்காரர்

நண்பரே, முழுத் தோப்பையும் ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். நோய் முற்றி, ஆண்டுக்குப் பத்துக் காய்களுக்கும் குறைவாகக் காய்க்கும் மரங்களை முதலில் அகற்றுங்கள். அந்த இடங்களில் நடுவதற்குக் காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ஆகிய தென்னை ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். அவற்றிலும் ஒரே ரகத்தை நிலம் முழுக்க நட்டால் பழைய ஆபத்தையே மறுபடி வரவழைப்பதாகும்.

ஊடுபயிரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உடனே வருமானம் தரும் என்று வாழையை வைக்கிறார்கள். ஆனால் சுருள் வெள்ளை ஈயும் வாடல் நோயைக் கடத்தும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வாழையிலும் வாழக்கூடியவை. நோய் உள்ள தோப்பில் நான் ஜாதிக்காய், மிளகு, கோகோ ஆகியவற்றையே விரும்புவேன். தென்னைக்கு ஏழு வயது வரையிலும், இருபது வயதைக் கடந்த பிறகும் தரையில் போதிய வெயில் விழும். இடைப்பட்ட ஆண்டுகளில் நிழல் அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலான பயிர்கள் தேறுவது கடினம்.

மண்ணையும் மறந்துவிட வேண்டாம். பல ஆண்டுகளாக ஒரே வகை மரம் ஒரே ஆழத்திலிருந்து சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க, நாம் ஓலையையும் மட்டையையும் வெளியே அனுப்பிவிட்டு மூட்டை உரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறோம். மழைக்கு முன் பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். வேலியோரம் தழையுரம் தரும் கிளைரிசிடியா மரத்தை நட்டு, அதன் தழையைத் தென்னையைச் சுற்றிய வட்டப்பாத்தியில் இடுங்கள். உங்கள் மரங்களின் வயதையும் நோயுற்ற மரங்களின் எண்ணிக்கையையும் இங்கே பதிவிட்டால், எந்த வரிசையிலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.